வாடிய பிறகு தெளித்துப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை தள்ளிப்போகும் பருவங்களில் வேளாண் பக்கங்களில் தவறாமல் ஒரு குறிப்பு வருகிறது. பயிர் வாடத் தொடங்கினால் கடற்பாசிச் சாறு, மட்கிய பொருளிலிருந்து கிடைக்கும் ஹியூமிக் அமிலம், முருங்கை இலைச்சாறு இவற்றில் ஏதாவது ஒன்றை லிட்டருக்கு இத்தனை மில்லி கலந்து தெளிக்க வேண்டும் என்பதுதான் அது. பொருள்களைக் குறை சொல்ல முடியாது. மூன்றுமே நாற்றின் தாங்கும் திறனைக் கூட்டுபவைதான். கோளாறு நேரத்தில் இருக்கிறது. வாடி நிற்கும் நாற்றுக்கு அப்போது தேவை தண்ணீர் மட்டும். இந்த உயிர் ஊக்கிகளுக்கு உரிய காலம் அதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்பே முடிந்துவிடுகிறது. சிலவற்றுக்கு விதை மண்ணில் விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நாற்று உற்பத்தியில் இருப்பவர்கள் என்ற முறையில் எப்போது, எவ்வளவு, எதோடு சேர்க்கக் கூடாது என்ற விவரங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

உயிர் ஊக்கி உரமல்ல, பூச்சிமருந்துமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1009 ஒழுங்குவிதி இதற்குத் தெளிவான வரையறை தருகிறது. தன்னிலுள்ள சத்தின் அளவைச் சாராமல், செடியின் சத்தெடுக்கும் செயல்பாடுகளைத் தூண்டிவிட்டு, சத்தைப் பயன்படுத்தும் திறனையோ, வறட்சி, வெப்பம் போன்றவற்றைத் தாங்கும் திறனையோ, விளைபொருளின் தரத்தையோ கூட்டும் பொருள்தான் உயிர் ஊக்கி. இந்தியாவிலும் 2021-ல் இவை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் தனி வகையாகக் கொண்டுவரப்பட்டன. இதில் விவசாயிக்குப் பயன்படும் சங்கதி ஒன்று உண்டு. லிட்டருக்கு 2 மில்லி கடற்பாசிச் சாறு கலந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சொல்லும்படி எதுவும் இருக்காது. தெளித்த இரண்டே நாளில் இலை கரும்பச்சை கட்டினால், பாட்டிலுக்குள் யூரியாவோ இரும்புச் சத்தோ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுவதே சரி.

இனி நாற்றின் நிலைமை. முளைத்து இரண்டு வாரம் ஆன நாற்றின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணின் சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். முதலில் காய்வதும் அந்த அடுக்குதான். ஈரம் குறைவதை வேர் உணர்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீரிழப்பு குறையும், கூடவே கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே வருவதும் குறையும். வெயில் மட்டும் அதே அளவில் விழுந்துகொண்டிருக்கும். பிடிக்கப்பட்ட ஒளி ஆற்றல் சர்க்கரையாக மாற வழியில்லாமல் ஆக்சிஜனுக்குத் தாவி, வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும்; அவை பச்சையத்தையும் செல் சவ்வுகளையும் அரிக்கும். வறட்சியில் நாற்று சாவது தாகத்தால் மட்டுமல்ல, இந்த உள்காயத்தாலும்தான். பெரிய செடிக்கு ஆழமான வேரும் சேமித்த மாவுச்சத்தும் உண்டு. நாற்றுக்கு இரண்டும் இல்லை.

ஊக்கிகள் செய்வதெல்லாம் இந்த நெருக்கடிக்கு முன்கூட்டியே செடியைத் தயார்ப்படுத்துவதுதான். பக்கவேர்கள் கூடுதலாகப் பிரிய வேண்டும். செல்லுக்குள் புரோலின், சர்க்கரை, பீட்டைன் போன்றவை சேர்ந்து நீரைப் பிடித்துவைக்க வேண்டும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நொதிகள் கைவசம் இருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் செடி தன் சொந்தச் சர்க்கரையைச் செலவழித்துத்தான் உருவாக்குகிறது. அதற்குச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். அந்த நாட்களில் ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருக்க வேண்டும். வாடிய இலையில் துளைகள் மூடியிருக்கும், மேல்தோல் சுருங்கியிருக்கும். தெளித்த துளி சில நிமிடங்களில் காய்ந்து வெள்ளை உப்புத் தடமாக இலைமேல் நிற்கும். உள்ளே போன கொஞ்சநஞ்சத்தைக் கேட்டு வேலை செய்யவும் அங்கே தெம்பிருக்காது.

ஆகவே விதையிலிருந்தே தொடங்க வேண்டும். விதையை ஊறவைத்து, முளைவேர் வெளிவருவதற்கு முன் நிறுத்தி, உலர்த்தி விதைக்கும் முறை வறட்சிக்கு மிக மலிவான காப்பு. முளைப்புக்கான உள்வேலைகளில் பாதி முடிந்திருப்பதால் மேல்மண் காய்வதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். வெறும் தண்ணீரே இதில் பெரும்பங்கு பலனைத் தரும். ஊக்கி அதற்கு மேல் ஒரு சேர்மானம். இதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

ஊறும் நேரம் பயிருக்குப் பயிர் மாறும். நெல், மக்காச்சோளம் 12 முதல் 18 மணி நேரம் தாங்கும். சோளம், கம்பு 8 மணிக்கு மேல் வேண்டாம். பயறு வகைகளுக்கு 6 மணி போதும்; கூடினால் தோல் பிளந்து, பருப்பு உப்பி, உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிந்து பூசணத்தை அழைக்கும். புதிய ரகத்துக்கு நேரம் தெரியாவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. இருபது இருபது விதையாக நான்கு கிண்ணங்களில் போட்டு, 4, 8, 12, 16 மணி நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, மேல் ஈரத்தைத் துடைத்து நிழலில் விட்டுவிட வேண்டும். மேற்கொண்டு தண்ணீர் காட்டாமலே எந்தக் கிண்ணத்து விதை முளை விடுகிறதோ, அந்த நேரம் ஆபத்தான எல்லை. அதற்கு முந்தைய நேரமே பாதுகாப்பானது. முளைவேர் எட்டிப்பார்த்த விதையை உலர்த்தினால் அது செத்தது. மறுபடி ஈரம் கிடைத்தாலும் எழாது.

ஊறவைக்கும் நீரில் கடற்பாசிச் சாறு சேர்ப்பதானால் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி. முருங்கைச் சாறானால் சாறு ஒரு பங்குக்கு நீர் 30 பங்கு. முருங்கைச் சாற்றை எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முற்றிய இலை உதவாது. இளம் இலையும் நுனிக்குருத்தும் வேண்டும், ஏனென்றால் ஸியாட்டின் என்ற சைட்டோகைனின் வகை வளர்ச்சி ஹார்மோன் வளர்நுனிப் பகுதியில்தான் செறிந்திருக்கும். ஒரு கிலோ இலைக்கு 100 மில்லி நீர் மட்டும் தெளித்து அரைத்து, துணியில் பிழிந்து, இன்னொரு முறை மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். முதல்நாள் இரவு இலையை உறைநிலையில் வைத்துவிட்டு அரைத்தால் செல்கள் உடைந்து சாறு அதிகம் வரும். பிழிந்ததைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். முடியாவிட்டால் உடனே உறையவைக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து வெளியே வைத்தால் மறுநாள் புளித்து நுரைக்கும். அதற்குப் பிறகு அதில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

விதை மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவு கரைசல் போதும். மணிக்கொருமுறை கிளறிவிட்டால் அடியில் இருக்கும் விதைக்கும் காற்று கிடைக்கும். அன்றே ஈரமண்ணில் விதைப்பதானால் இரண்டு மணி நேரம் நிழலில் பரப்பி, கையில் ஒட்டாத பதத்தில் விதைக்கலாம். நாலைந்து நாள் வைக்க வேண்டியிருந்தால் பழைய எடை வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ ஊறவைத்தோம் என்றால் உலர்ந்த பின் தராசு ஏறத்தாழ ஒரு கிலோ காட்ட வேண்டும். கைப்பதத்தை நம்பினால் உள்ளீரம் மிஞ்சி விதை புழுங்கிப்போகும். மாதக்கணக்கில் சேமிக்கவே கூடாது. ஊறவைத்த விதை வயதாவது வேகம். இன்னொரு எச்சரிக்கை: மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைப்பவர்கள் ஈரப்பதத்தோடு இருக்கும் விதையைப் போடக் கூடாது, முழுக்க உலர்த்தியதைத்தான் போட வேண்டும். பூசணக்கொல்லி பூசி வந்த வண்ண விதைகளை ஊறவைப்பதும் வேண்டாம். மருந்து கரைந்து போகும், அந்த நீரை ஊற்ற இடமும் இல்லை.

அடுத்தது குழித்தட்டு, அதாவது குழிக்கு ஒரு நாற்றாக வளர்க்கும் தட்டு. வறட்சிக்கு நாற்றைத் தயார்ப்படுத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. செடி கைக்குள் இருக்கும், தண்ணீர் நம் கணக்கில் இருக்கும், ஆயிரம் நாற்றுக்கு ஒரு பூவாளிக் கரைசல் போதும். வயலுக்குப் போன பிறகு அதே பலனுக்குப் பல மடங்கு கரைசல் வேண்டும்.

குழியில் நிரப்பும் ஊடகம் தென்னைநார்க் கழிவானால் முதலில் உப்பைப் பார்க்க வேண்டும். கழுவாத நார்க்கழிவில் உப்பு கனமாக இருக்கும். அதன்மேல் பொட்டாஷ் நிறைந்த கடற்பாசிச் சாறும் ஊற்றினால் நாற்றுக்கு நாமே செயற்கை வறட்சியை உண்டாக்குகிறோம். வேருக்கு வெளியே உப்பு கூடினால் ஈரம் இருந்தும் உறிஞ்ச முடியாது. உப்பளவை அறிய மின்கடத்துத் திறன் அளக்கும் பேனா போன்ற கருவி ஒன்று நாற்றங்காலில் கட்டாயம் இருக்க வேண்டும். ஊற்றப்போகும் கரைசலில் அதை முக்கினால் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இலை ஓரம் கருகுவதை 'மருந்து சூடு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் அது உப்பு.

வேர் உட்பூசணம், அதாவது 'வேம்' என்று விற்கப்படுவதை விதைக்கும்போதே ஊடகத்தில் சேர்க்க வேண்டும். அதன் இழைகள் வேர்த்தூவிகளைவிட மெலிந்தவை, வேர் நுழையாத மண்துகள் இடுக்குகளில் நுழைந்து ஈரத்தையும் மணிச்சத்தையும் கொண்டுவரும். வேருக்குள் குடியேறி அந்த வலை விரிய மூன்று நான்கு வாரம் ஆகும். நடும் நாளில் தூவினால் வறட்சி வரும்போது பூசணம் இன்னும் குடித்தனம் தொடங்கியிருக்காது. மேலே தூவுவதால் பயனில்லை. விதைக்குக் கீழே, வேர் இறங்கும் வழியில் இருக்க வேண்டும். ஊடகத்தில் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டைத் தாராளமாகப் போட்டால் செடிக்கு இந்தக் கூட்டாளி தேவைப்படாது, சேர்க்கை வெகுவாகக் குறையும். கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினால் பூசணம் முடங்கிவிடும். முட்டைக்கோசு, காலிஃபிளவர், கடுகு, முள்ளங்கி, பீட்ரூட், ஸ்பினாச் கீரை இவற்றில் இந்தப் பூசணம் சேர்வதே இல்லை. கோசு நாற்றுக்கு வேம் வாங்குவது வீண் செலவு, அதை எந்தப் பையிலும் அச்சடிப்பதில்லை.

ஹியூமிக் அமிலத்தின் முக்கிய வேலை வேரில். வேர்ச்செல் சவ்வில் உள்ள புரோட்டான் பம்ப்பைத் தூண்டி, செல்சுவரை இளகவைத்து, பக்கவேர் முளைப்பதைக் கூட்டுகிறது. அளவு மிகக் குறைவாகவே வேண்டும். கூடினால் வேர் வளர்ச்சி தடைப்படும். இங்கே லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். 70 சதவீதப் பொடியில் லிட்டருக்கு அரை கிராம் போட்டால் 0.35 கிராம் ஹியூமிக் கிடைக்கும். அதே அளவுக்கு 12 சதவீதத் திரவம் 3 மில்லி வேண்டும். 'லிட்டருக்கு 3' என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பொடியை 3 கிராம் போட்டால் ஆறு மடங்கு ஏறிவிடும். கடற்பாசியிலும் இதே கதைதான்: 20 சதவீதத் திடப்பொருள் உள்ள திரவம் 2 மில்லியும், நீரில் முழுக்கக் கரையும் பொடி 0.4 கிராமும் சமம். அடர்த்தி சொல்லாமல் மில்லி மட்டும் சொல்லும் எந்தப் பரிந்துரையும் அரைகுறை. வேளாண் குறிப்புகளை வெளியிடும்போது பொருளின் அடர்த்தி, பயிரின் வயது, ஊற்றுவதா தெளிப்பதா, அப்போது மண்ணில் ஈரம் இருக்க வேண்டுமா என்ற நான்கையும் சேர்த்து அச்சிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற 25, 30 நாள் நாற்றுக்கு நாங்கள் சொல்லும் ஒழுங்கு இது. வித்திலைகளுக்குப் பின் வரும் முதல் உண்மை இலை விரிந்ததும் ஹியூமிக், மேற்சொன்ன அளவில், குழிக்கு 10 மில்லி. 98 குழித் தட்டுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஒரு வாரம் கழித்துக் கடற்பாசிச் சாறு, 20 சதவீதத் திரவம் லிட்டருக்கு 2 மில்லி, அதே ஒரு லிட்டர். நடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கடற்பாசிச் சாறே இன்னொரு முறை. ஊற்றும்போது ஊடகம் அரை ஈரமாக இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்திருந்தால் கரைசல் ஓரமாக வழிந்து அடித்துளையில் போய்விடும். சொதசொதவென்று இருந்தாலும் நிற்காது. அதிகாலை நல்லது.

இதோடு கூடவே நாற்றைக் கடினப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஊக்கி கொடுத்த தைரியத்தில் தண்ணீரையும் தழைச்சத்தையும் கடைசி நாள்வரை அள்ளிக் கொடுப்பதைப் பார்க்கிறோம். நாற்று தளதளவென்று உயரமாக, பெரிய மெல்லிய இலைகளோடு நிற்கும். வாங்க வருபவருக்கும் பிடிக்கும். வயலில் வெயில் பட்ட முதல் மதியமே துவண்டுவிடும். தண்டு பென்சில் கனமும், இலை சிறியதாகத் தடித்தும், குழியைச் சுற்றி வெள்ளை வேர் பின்னியும் இருக்கும் குட்டை நாற்றுதான் வறட்சிக்கு ஏற்றது.

கடினப்படுத்தக் கண்ணளவு போதாது, தட்டை நிறுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி வடிந்த பின் ஒரு எடை. நாற்று லேசாகத் தொங்கத் தொடங்கும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செடி எடுக்கக்கூடிய நீர். சாதாரண நாட்களில் அதில் பாதி குறைந்ததும் தண்ணீர். கடைசி ஐந்து முதல் ஏழு நாட்களில் முக்கால் பங்கு குறையும்வரை பொறுத்துத் தண்ணீர். நிழல்வலையையும் இதே வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். பீட் எனும் சதுப்புநில மட்கு கலந்த ஊடகத்தை அதற்கு மேல் காயவிட்டால் அது மறுபடி நீரை ஏற்க மறுக்கும்; அப்போது தட்டைத் தண்ணீரில் அமர்த்தி அடியிலிருந்து ஊறவிட வேண்டியிருக்கும்.

நடும்போது வேரைக் கரைசலில் நனைப்பது பழைய பழக்கம். அசோஸ்பைரில்லம், பேசில்லஸ் போன்ற நுண்ணுயிர்களுக்கு அது பொருந்தும், 20, 30 நிமிடம் போதும். மணிக்கணக்கில் ஊறினால் வேர் மூச்சுத் திணறும். வேரோரம் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு வறட்சியில் ஒரு தனிப் பயன் உண்டு. நீர் குறையும்போது செடியில் எத்திலீன் என்ற ஹார்மோன் கூடி வேர் வளர்ச்சி நின்றுவிடும். எத்திலீனாக மாறவிருக்கும் ஏ.சி.சி. என்ற மூலப்பொருளை இவை தங்கள் நொதியால் சிதைத்து உண்பதால் வேர் தொடர்ந்து இறங்குகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான நாற்றுகளை ஒரே தொட்டியில் முக்கி எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு நாற்றில் பாக்டீரியா வாடல் நோய் இருந்தாலும் தொட்டி நீர் மற்ற அனைத்துக்கும் அதைப் பரப்பிவிடும், அதிலும் பிடுங்கும்போது அறுந்த வேர்நுனிகள் திறந்த வாசலாக இருக்கும். குழித்தட்டு நாற்றானால் முதல்நாள் மாலை தட்டிலேயே ஊற்றிவிடலாம். குளோரின் கலந்த குழாய்நீர் நுண்ணுயிரைக் கொல்லும். வாளியில் ஒரு இரவு திறந்து வைத்த நீரையோ கிணற்று நீரையோ பயன்படுத்த வேண்டும்.

நட்ட பிறகு இலைவழியாகக் கொடுக்க வேண்டியிருந்தால், வேர் பிடித்துப் புதுத் துளிர் வந்த பின், மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போது கொடுக்க வேண்டும். மழை இடைவெளி வரும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாள்தான் தெளிக்கும் நாள். பி.பி.எஃப்.எம். என்று அழைக்கப்படும் மெத்திலோபாக்டீரியம் இதற்கு ஏற்றது. இலை வளரும்போது வெளியேற்றும் மெத்தனாலைத் தின்று இலைப்பரப்பிலேயே வாழும் இளஞ்சிவப்பு பாக்டீரியா அது. சைட்டோகைனினைச் சுரந்து இலை முதிர்வதைத் தள்ளிப்போடும். லிட்டருக்கு 10 மில்லி, அதாவது 1 சதவீதம், காலையிலோ மாலையிலோ. காப்பர் மருந்து அடித்த அதே டேங்கில் கலந்தால் பாக்டீரியா டேங்கிலேயே முடிந்துவிடும். பூச்சிமருந்து, பூசண மருந்துக்கும் இதற்கும் ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது.

கலவைகளில் நடக்கும் விபத்துகள் பல. ஹியூமிக் அமிலம் காரத்தில்தான் கரைந்திருக்கும்; அமிலத்தன்மையுள்ள உரத்தையோ மருந்தையோ சேர்த்ததும் கறுப்புச் சேறாகத் திரிந்து அடியில் படியும். கால்சியம் நைட்ரேட்டும், சுண்ணாம்பு மிகுந்த கடின நீரும் இதையே செய்யும். நாசில் அடைக்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. கண்ணாடிக் குவளையில் அதே விகிதத்தில் அரை லிட்டர் கலந்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் போதும். படிவோ தயிர்போல் திரிதலோ இல்லாவிட்டால் டேங்கில் ஊற்றலாம். ஹியூமிக்கைப் போலவே மட்கிலிருந்து வரும் ஃபுல்விக் அமிலம் எல்லா அமில கார நிலைகளிலும் கரையும், எனவே கலவைத் தெளிப்புக்கு அதுவே ஏற்றது.

கைட்டோசான் பற்றித் தனியாக ஒரு வரி. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் இது இலைத்துளைகளைப் பாதி மூடவைத்து நீரை மிச்சப்படுத்தும். நீராவி வெளியேறுவது குறைந்தால் இலை குளிர்வதும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. மிதமான வெயிலில் தண்ணீர் பற்றாக்குறை என்றால் உதவும். அனல்காற்று அடிக்கும் வாரத்தில் இலை வெந்துபோக அதுவே காரணமாகலாம். வெறும் தண்ணீரில் இது கரையாது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து விற்கப்படுவதைத்தான் வாங்க வேண்டும்.

அமினோ அமிலக் கரைசல்களையும் மீன் அமிலத்தையும் நாற்றுப் பருவத்தில் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. அவற்றில் தழைச்சத்து உண்டு. வறட்சிக்கு முன் இலையை அது பெருக்கிவிட்டால் நீர்த்தேவையும் பெருகும். பஞ்சகவ்யம் உட்பட வீட்டில் நொதிக்கவைப்பவை எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றே: ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் உப்பும் நுண்ணுயிரும் வேறுபடும். வடிகட்டி, உப்பளவு பார்த்து நீர்த்து, வேருக்கு மட்டும் கொடுக்கலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லி நாற்றுகளின் இலையில் சாணம் சேர்ந்த எதையும் தெளிக்கக் கூடாது, குடல்நோய்க் கிருமிகளுக்கு அது நேர்வழி. எல்லா ஊக்கிகளையும் ஒரே வாளியில் சேர்த்து ஊற்றுவதும் வேண்டாம். பலன் தெரிந்தால் எதனால் என்று தெரியாது, கருகினாலும் அப்படியே.

பலன் கிடைத்ததா என்று பார்ப்பதில் நுணுக்கம் இருக்கிறது. ஊக்கி ஊற்றிய தட்டோடு ஒன்றும் ஊற்றாத தட்டை ஒப்பிட்டால், ஊக்கியோடு போன ஒரு லிட்டர் தண்ணீரின் பலனும் ஊக்கியின் கணக்கில் ஏறிவிடும். எனவே ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு வெறும் தண்ணீர் அதே நேரத்தில் போக வேண்டும். தட்டுகளை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்; ஓரத் தட்டுக்குக் காற்றும் வெயிலும் அதிகம். நாற்று நடும் பதத்துக்கு வந்ததும் பத்துச் செடிகளை இரண்டு தட்டிலிருந்தும் பிடுங்கி, வேரைக் கழுவி, வேரையும் தண்டையும் தனித்தனியாக உலர்த்தி நிறுத்தால், வேருக்கும் தண்டுக்கும் உள்ள விகிதம் ஊற்றிய தட்டில் கூடியிருக்க வேண்டும். தண்டு மட்டும் கூடியிருந்தால் கிடைத்தது வறட்சித் தாங்கல் அல்ல, வெறும் வளர்ச்சி.

மீதி நாற்றுக்குத் தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் ஒரு பொறி உண்டு. குழியில் இருப்பது சில மில்லி நீர்தான். ஊக்கி பெற்ற நாற்று இலைப்பரப்பு கூடியதாக இருந்தால் அந்த நீரை வேகமாகக் குடித்துவிட்டு, ஊற்றாத நாற்றைவிட முன்னதாகவே வாடும். அதைப் பார்த்துப் பொருள் போலி என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. எத்தனை நாளில் வாடியது என்று எண்ணுவதைவிட, இரண்டு தட்டையும் நிறுத்து ஒரே எடைக்கு, அதாவது ஒரே அளவு ஈரக்குறைவுக்கு, கொண்டுவந்து இரண்டு நாள் அதே நிலையில் வைத்து, பிறகு தண்ணீர் கொடுத்து மறுநாள் காலை எத்தனை நாற்று நிமிர்ந்தது என்று எண்ண வேண்டும். நுனிக்குருத்து பச்சையாக நிமிர்ந்ததை மட்டும் பிழைத்ததாகக் கணக்கில் எடுக்க வேண்டும். கீழிலை விறைத்திருந்து குருத்து காய்ந்தது நான்கு நாளில் போய்விடும்.

இப்படிக்கு,
நாற்று உற்பத்தியில் பணிபுரிவோர் சிலர்